கண்ட்ரோல், ஆல்ட், எஃப்2: மண்டபம் டைப்பிங் சென்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம், பிரிண்ட் அவுட் என்று சின்னதாக ஒரு சென்டர் நடத்துகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாள் தடைக்காலமும் பள்ளிக்கூட லீவும் ஒன்றாக வருவதால், அந்த நாட்களில் கம்ப்யூட்டர் பழக வருகிறவர்கள் அதிகம். பாம்பனிலிருந்து வந்தாலும் உச்சிப்புளியிலிருந்து வந்தாலும், மவுஸைத் தொடாமல் கீகளாலேயே வேலையை முடிக்கும் ஷார்ட்கட் பற்றிய சந்தேகம் என்னவோ அதேதான். அவரவர் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். எல்லாமே விண்டோஸ் கம்ப்யூட்டருக்கானவை.

"மவுஸ்லயே எல்லாம் நடக்குதுல்ல, அப்புறம் எதுக்குக்கா இந்த ஷார்ட்கட்?"

நடக்கும். மவுஸை வைத்தே காலம் தள்ளுகிறவர்கள் ஏராளம், அதில் தப்பும் இல்லை. ஆனால் டைப் செய்யும்போது இரண்டு கையும் கீபோர்டில் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கையை எடுத்து, மவுஸைப் பிடித்து, அம்புக்குறி எங்கே என்று தேடி, மெனுவைத் திறந்துவிட்டுத் திரும்பி வந்தால் வேகம் போய்விடும். டைப்ரைட்டிங் லோயர், ஹையர் எழுதியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். எஃப், ஜே கீகளின் மேல் இருக்கும் சின்ன மேட்டில் ஆள்காட்டி விரல்கள் உட்கார்ந்துவிட்டால் பிறகு கையை நகர்த்தவே மனசு வராது.

அதற்காக நூறு ஷார்ட்கட் அச்சடித்த சார்ட்டைச் சுவரில் ஒட்டி வைப்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. தினம் செய்கிற வேலைக்கு எது தேவையோ அதைப் பழகினால் போதும். மற்றது தேவை வரும்போது கையோடு வரும்.

"கண்ட்ரோலையும் சியையும் சேர்த்துத்தான் அமுக்குறேன் மிஸ், ஆனா வெறும் சி தான் விழுது."

சேர்த்து அழுத்துவதுதான் பிரச்சினை. முதலில் கண்ட்ரோலை அழுத்திப் பிடியுங்கள். பிடித்தபடியே சி-யை ஒரு தட்டு தட்டிவிட்டு, பிறகு கண்ட்ரோலை விடுங்கள். ஷிஃப்ட், ஆல்ட், விண்டோஸ் கீ (ஜன்னல் சின்னம் போட்டது) மூன்றுக்கும் இதே முறைதான். மூன்று கீ வருகிற ஷார்ட்கட் என்றால் முதல் இரண்டையும் பிடித்துக்கொண்டு கடைசியை மட்டும் தட்ட வேண்டும்.

இன்னொன்று: கண்ட்ரோல் சி அழுத்துவதற்கு முன்னால் எதை காப்பி எடுக்க வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு அம்புக்குறிக் கீயை அழுத்தினால் எழுத்து எழுத்தாகத் தேர்வாகும். கூடவே கண்ட்ரோலையும் பிடித்தால் வார்த்தை வார்த்தையாகத் தாவும்.

"முதல்ல எதையெல்லாம் கத்துக்கணும்? எல்லாத்தையும் சொல்லாதீங்க, மறந்துருவேன்."

கண்ட்ரோலோடு இசட், எக்ஸ், சி, வி. கீபோர்டின் அடிவரிசையில் இடது ஓரத்தில் நான்கும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இசட் கடைசியாகச் செய்ததைத் திரும்பப் பெறும், எக்ஸ் வெட்டும், சி நகலெடுக்கும், வி ஒட்டும். வெட்டி ஒட்டும் இந்த முறையை 1970-களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் உருவாக்கினார்கள். அதற்கு முன்பு ஆசிரியர் குழுக்கள் கத்தரிக்கோலால் தாளை வெட்டிப் பசை போட்டு ஒட்டின. பேரும் அங்கிருந்துதான் வந்தது.

நான்கில் எனக்கு முக்கியம் இசட். தெரியாமல் ஒரு பத்தியே அழிந்துபோனால் பதறிப்போய் வேறு நாலு கீயைத் தட்டுகிறார்கள், அதுதான் ஆபத்து. கையை எடுத்துவிட்டு கண்ட்ரோல் இசட் மட்டும் அழுத்துங்கள், அழிந்தது திரும்ப வரும். ஒரு தடவை கூடுதலாகப் பின்னால் போய்விட்டால் கண்ட்ரோல் ஒய் முன்னால் கொண்டுவரும். இவை பழகியபின் சேமிக்க கண்ட்ரோல் எஸ், முழுவதையும் தேர்ந்தெடுக்க கண்ட்ரோல் ஏ, தேட கண்ட்ரோல் எஃப், பிரிண்ட் எடுக்க கண்ட்ரோல் பி. இந்தப் பி பிரிண்ட்டின் பி. போல்டின் (Bold) பி-யை அழுத்தினால் எழுத்து தடிமனாகும்.

"மேல வரிசையா எஃப்1லேர்ந்து எஃப்12 வரைக்கும் இருக்கே, ஒவ்வொண்ணும் எதுக்குன்னு ஒரே மூச்சுல சொல்லுங்க."

ஒரே மூச்சில் சொல்ல முடியாது, காரணம் இருக்கிறது. ஒரு கீயை அழுத்தினால் அதை யார் கேட்கிறார்கள் என்பதுதான் விஷயம். எஃப் கீகளையும் கண்ட்ரோல் சேர்ந்த ஷார்ட்கட்டுகளையும் பெரும்பாலும் திரையில் முன்னால் திறந்திருக்கும் புரோகிராம் கேட்கிறது. விண்டோஸ் கீ சேர்ந்தவற்றை விண்டோஸே கேட்டுக்கொள்கிறது. ஆகவே விண்டோஸ் கீயும் இ-யும் எங்கே இருந்து அழுத்தினாலும் ஃபோல்டர் ஜன்னல்தான் திறக்கும். எஃப்5 அப்படியில்லை, இடத்துக்கு இடம் மாறும். பிரவுசரில் பக்கத்தைப் புதுப்பிக்கும், பவர்பாயின்ட்டில் ஸ்லைடு ஷோவைத் தொடங்கும், வேர்டில் தேடும் பெட்டியைத் திறக்கும்.

அன்றாடம் கைகொடுப்பவை இவை. ஃபைல் மேல் நின்று எஃப்2 அழுத்தினால் பெயர் மாற்றலாம். வேர்டில் எஃப்4 கடைசியாகச் செய்ததைத் திரும்பச் செய்யும், எஃப்7 எழுத்துப்பிழை பார்க்கும், எஃப்12 வேறு பெயரில் சேமிக்கும். பிரவுசரில் எஃப்11 முழுத்திரை. "மேல இருந்த பட்டையெல்லாம் காணாமப் போச்சு" என்று வருகிறவர்களில் பாதிப் பேர் தெரியாமல் எஃப்11-ஐத் தட்டியவர்கள்தான், மறுபடி தட்டினால் சரியாகும். எஃப்1 உதவிப் பக்கம். எஸ்கேப்பைத் தேடுகிற விரல் அதில் பட்டுத்தான் அது பெரும்பாலும் திறக்கிறது.

"என் லேப்டாப்புல எஃப்5 அமுக்குனா வெளிச்சம் கூடுது, எஃப்2 அமுக்குனா சத்தம் குறையுது. கெட்டுப்போச்சா?"

கெடவில்லை. லேப்டாப்பில் இடம் குறைவு என்பதால் ஒரே கீக்கு இரண்டு வேலை கொடுத்திருக்கிறார்கள். கீயின் மேல் சூரியன், ஸ்பீக்கர் மாதிரி சின்னப் படங்கள் இருக்கும். கீழ் வரிசையில் எஃப்என் என்றொரு கீ இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டு எஃப்5 அழுத்துங்கள், நிஜமான எஃப்5 வேலை செய்யும். முந்தைய பதிலில் சொன்ன கணக்கில் இந்த எஃப்என் தனி ரகம். பெரும்பாலான லேப்டாப்பில் இதை புரோகிராமும் கேட்பதில்லை, விண்டோஸும் கேட்பதில்லை. கீபோர்டே கேட்டு முடிவு செய்துகொள்கிறது. எந்தப் படம் எந்தக் கீயில் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

ஒவ்வொரு முறையும் பிடிக்க அலுப்பாக இருந்தால், பல லெனோவோ, டெல் லேப்டாப்புகளில் எஃப்என்னும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் வேலை தலைகீழாக மாறும். எஸ்கேப் கீயில் சின்னப் பூட்டுப் படம் இருந்தால் இந்த வசதி இருக்கிறது என்று அர்த்தம். சில மாடல்களில் மட்டும் கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது வரும் பயாஸ் அமைப்பில் போய் மாற்ற வேண்டும்.

"எதுவும் செய்யலக்கா, தானா இப்படி ஆயிருச்சு."

இது கேள்வியே இல்லை, ஆனால் இதைத்தான் அதிகம் கேட்கிறேன். பெரும்பாலும் ஏதாவதொரு பூட்டுக் கீ தவறி விழுந்திருக்கும். எக்ஸெலில் அம்புக்குறியை அழுத்தினால் கட்டம் மாறாமல் முழுத்தாளும் நகர்ந்தால் ஸ்க்ரோல் லாக். வலதுபக்க எண் கீகளில் எண் விழாமல் கர்சர் ஓடினால் நம் லாக் (Num Lock) அணைந்திருக்கிறது. நடுவில் ஒரு எழுத்து சேர்த்தால் அடுத்த எழுத்தைத் தின்றுகொண்டே போனால் இன்சர்ட். ஷிஃப்ட்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டியதும் ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா என்று ஒரு பெட்டி வரும், அதற்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஒரு கையால் மட்டும் டைப் செய்ய முடிகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டே இருக்காமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டலாம்.

பிரவுசரில் எழுத்து திடீரென்று பெரிதாகவோ எறும்பு மாதிரியோ ஆனால் கண்ட்ரோலைப் பிடித்தபடி மவுஸ் சக்கரத்தை உருட்டியிருப்பீர்கள். கண்ட்ரோலும் பூஜ்ஜியமும் அழுத்தினால் பழைய அளவு.

"ஆன்லைன் ஃபார்ம்ல ஒவ்வொரு கட்டமா கிளிக் பண்ணிப் பண்ணி கை வலிக்குது."

டேப் அழுத்தினால் அடுத்த கட்டம், ஷிஃப்ட்டோடு டேப் அழுத்தினால் முந்தைய கட்டம். டிக் போட வேண்டிய பெட்டியில் ஸ்பேஸ் பார். பட்டியலிலிருந்து மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா? பெரும்பாலான படிவங்களில் பட்டியலில் நின்று முதல் இரண்டு எழுத்தை வேகமாகத் தட்டினால் அந்த ஊருக்கே போகும். ஆர், ஏ என்று தட்டிப் பாருங்கள். இங்கிலீஷ் அகரவரிசைப் பட்டியலில் ராணிப்பேட்டைக்கு முன்னாலேயே நம் இராமநாதபுரம் வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பணம் கட்டும் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும்போது எஃப்5 அழுத்தாதீர்கள். அந்தப் பக்கம் அனுப்பிய தகவலையே மறுபடி அனுப்பலாம், இரண்டு முறை பணம் போகவும் வாய்ப்பு உண்டு. பிரவுசரே "மறுபடி அனுப்பட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வங்கியிலிருந்து மெசேஜ் வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தெரியாமல் பிரவுசரில் ஒரு பக்கத்தின் டேபை மூடிவிட்டால் மட்டும் கவலை வேண்டாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், டி அழுத்தினால் மூடிய பக்கம் திரும்பத் திறக்கும். இந்த டி தங்கச்சிமடத்தின் டி. ஆனால் நிரப்பிய விவரம் பெரும்பாலும் போயிருக்கும்.

"கரண்ட் போயிருச்சு, டைப் பண்ணதெல்லாம் போச்சா?"

வேர்டாக இருந்தால் முழுசாகப் போயிருக்காது. இயல்பான அமைப்பில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதுவாகவே மீட்பு நகல் எடுத்து வைக்கும். மறுபடி திறக்கும்போது இடதுபக்கம் காட்டும், அதைத் திறந்து உடனே சேமியுங்கள். கடைசி சில நிமிட வேலை போயிருக்கலாம். புயல் காலத்தில் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே கரண்ட்டை நிறுத்திவிடுகிற ஊரில் இருந்துகொண்டு அந்தப் பத்து நிமிடத்தை நம்பக் கூடாது. ஒரு வரி முடித்து எண்டர் தட்டினால் கூடவே கண்ட்ரோல் எஸ் என்று விரலுக்குப் பழக்கிவிடுங்கள்.

"கருவாட்டுக் கடைக் கணக்கை எக்ஸெல்ல போடுறேன். எனக்கு ஆகுற மாதிரி நாலு சொல்லும்மா."

இவருடைய தாளை அப்படியே எடுத்துக்கொள்வோம். முதல் நெடுவரிசையில் தேதி, அடுத்து சரக்கு: நெத்திலி, சீலா, திருக்கை. அப்புறம் கிலோ, விலை, தொகை. தேதிக் கட்டத்தில் நின்று கண்ட்ரோலும் அரைப்புள்ளிக் கீயும் அழுத்துங்கள், இன்றைய தேதி விழும். நாளைக்குத் திறந்தாலும் மாறாது. தவறாகப் போட்ட எடையைத் திருத்த முழுவதையும் அழித்து எழுத வேண்டாம். எஃப்2 தட்டினால் கட்டத்துக்குள்ளே கர்சர் போகும். தொகைக்கு முதல் வரியில் மட்டும் சூத்திரம் எழுதி, அந்தக் கட்டத்திலிருந்து கீழ்வரை தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் டி (தேவிபட்டினத்தின் டி) அழுத்தினால் எல்லா வரிக்கும் இறங்கும். அடியில் மொத்தம் வேண்டிய கட்டத்தில் நின்று ஆல்ட்டும் சமக்குறியும் அழுத்தி எண்டர் தட்டுங்கள்.

அவர் மாட்டிக்கொண்டது கமிஷனில். கமிஷன் விகிதம் ஓரமாக ஜி1 கட்டத்தில் இருக்கிறது. தொகையை ஜி1-ஆல் பெருக்கிச் சூத்திரம் எழுதிக் கீழே இறக்கினால், முதல் வரி சரி, மற்றதெல்லாம் பூஜ்ஜியம். காரணம், சூத்திரம் ஒரு வரி இறங்கும்போது ஜி1 என்பதும் ஜி2, ஜி3 என்று கூடவே இறங்கிவிடுகிறது. அந்தக் கட்டங்கள் காலி. சூத்திரத்தில் ஜி1 என்று எழுதியதும் கர்சரை அங்கேயே வைத்து எஃப்4 ஒருமுறை தட்டுங்கள். எழுத்துக்கும் எண்ணுக்கும் முன்னால் டாலர் குறி விழும், நங்கூரம் போட்ட மாதிரி அந்த முகவரி நகராது. மறுபடி மறுபடி தட்டினால் வரிக்கு மட்டும், நெடுவரிசைக்கு மட்டும், எதற்கும் இல்லை என்று சுற்றி வரும். வேர்டில் சொன்ன எஃப்4 இங்கே சூத்திரத்துக்குள் வேறு ஆளாகிவிடுகிறது, கவனித்தீர்களா?

"தமிழ்ல அடிக்கும்போது இந்த ஷார்ட்கட்டெல்லாம் வேலை செய்யுமா? மறுபடி இங்கிலீஷுக்கு மாத்தணுமா?"

மாற்ற வேண்டாம். விண்டோஸிலேயே வரும் தமிழ் கீபோர்டில் சி, வி கீகளில் வேறு எழுத்து இருந்தாலும் கண்ட்ரோலோடு சேர்த்தால் வழக்கமான வேலையே நடக்கும். மொழி மாற்ற விண்டோஸ் கீயும் ஸ்பேஸ் பாரும். தனியாக நிறுவும் தமிழ் மென்பொருள் சிலவற்றில் ஆல்ட்டும் ஓர் எண்ணும் மொழியை மாற்றும், அது வேறு ஷார்ட்கட்டோடு மோதினால் அந்த மென்பொருளின் அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். புதிதாகத் தமிழ் டைப்பிங் பழகுகிறவர்களுக்கு நான் சொல்வது தமிழ்99. தமிழக அரசு 1999-இல் ஏற்றது. உயிரெழுத்துகள் இடது கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கும் வருவதால் இரண்டு கையும் மாறி மாறி ஓடும்.

தமிழில் மட்டும் ஒரு நுணுக்கம் உண்டு. "கோ" என்று அடித்துவிட்டு பேக்ஸ்பேஸ் தட்டினால் துணைக்குறி மட்டும் போய் "க" நிற்கும். கர்சரை "கோ"வுக்கு முன்னால் வைத்து டிலீட் தட்டினால் எழுத்து முழுவதுமாகப் போகும். புள்ளி மட்டும் தவறாக விழுந்திருந்தால் பேக்ஸ்பேஸ் போதும், முழு எழுத்தையும் அடிக்க வேண்டாம். கண்ட்ரோலோடு பேக்ஸ்பேஸ் என்றால் வார்த்தையே போகும். வேர்டில் ஷிஃப்ட்டும் எஃப்3-யும் இங்கிலீஷ் எழுத்தைப் பெரியது சின்னதாக மாற்றும். தமிழில் அழுத்தினால் ஒன்றும் நடக்காது, நமக்குத்தான் பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாதே.

"பேரு கண்ணு முன்னாடி இருக்கு. கண்ட்ரோல் எஃப் போட்டா இல்லைங்குது!"

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். முதலாவது, நீங்கள் தேடுகிற பிடிஎஃப் ஃபைல் ஸ்கேன் செய்த படம். உங்கள் கண்ணுக்குத்தான் எழுத்து, கம்ப்யூட்டருக்கு அது வெறும் புள்ளிகள். மவுஸால் இழுத்து எழுத்தைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்றால் இதுதான் காரணம்.

இரண்டாவது, பாமினி, வானவில் மாதிரியான பழைய ஃபான்ட்டில் அடித்த ஃபைல். அதில் உள்ளே இருப்பது இங்கிலீஷ் எழுத்துகள், ஃபான்ட் அதைத் தமிழ் மாதிரி காட்டுகிறது. நீங்கள் யூனிகோடில் (இப்போது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறை) தேடினால் எப்படிக் கிடைக்கும்? ஃபைலிலிருந்தே அந்தப் பெயரை ஓரிடத்தில் காப்பி எடுத்துத் தேடும் பெட்டியில் ஒட்டுங்கள், அப்போது கிடைக்கும்.

மூன்றாவதுதான் ஆளைச் சுற்றலில் விடும். யூனிகோடில் "கொ"வை ஒரே துணைக்குறியாகவும் அடிக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் அடிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே, சில புரோகிராம்களின் தேடலுக்கு வேறு வேறு. தொண்டி என்று தேடிக் கிடைக்காவிட்டால் "ண்டி" என்று மட்டும் தேடிப் பாருங்கள். கொம்பு, கால் வராத துண்டைத் தேடினால் இந்தத் தகராறு இல்லை.

"நான் காப்பி பண்ணது ஒண்ணு, ஒட்டுனா வேற வருது. முன்னாடி எடுத்ததை எடுக்க முடியாதா?"

கண்ட்ரோல் வி எப்போதும் கடைசியாக எடுத்ததைத்தான் ஒட்டும். விண்டோஸ் கீயும் வி-யும் அழுத்திப் பாருங்கள். முதல்முறை இயக்கட்டுமா என்று கேட்கும், இயக்கிவிட்டால் அதன்பிறகு நகலெடுப்பதில் கடைசி 25 வரை பட்டியலாக நிற்கும். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் பின் குத்தி வைத்தவை தவிர மற்றவை போய்விடும். எழுத்து ஒட்டும்போது பழைய நிறமும் அளவும் கூடவே வந்து தொல்லை கொடுத்தால் கண்ட்ரோல், ஷிஃப்ட், வி. குரோமிலும் புதிய வேர்டிலும் வெறும் எழுத்து மட்டும் வரும்.

சொந்தக் கம்ப்யூட்டரில் இது அருமை. என் சென்டரில் அணைத்தே வைத்திருக்கிறேன். ஒருவர் ஒட்டிய ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் அடுத்து உட்காருகிறவருக்குப் பட்டியலில் தெரிய வேண்டாமே. அதே காரணத்துக்காகத்தான் நாற்காலியை விட்டு எழும்போதெல்லாம் விண்டோஸ் கீயும் எல்-லும் அழுத்தித் திரையைப் பூட்டச் சொல்கிறேன். டீ குடிக்கப் போகிற நேரம் போதும், யாரும் எதையும் பார்த்துவிட.

"ஆல்ட் எஃப்4 போட்டா கம்ப்யூட்டரே ஆஃப் ஆயிருமாமே?"

முன்னால் எது இருக்கிறதோ அது மூடும். வேர்டு இருந்தால் வேர்டு. எல்லாவற்றையும் மூடிவிட்டு வெறும் டெஸ்க்டாப்பில் நின்று அழுத்தினால்தான் ஷட்டவுன் பெட்டி வரும், அதுவும் கேட்டுவிட்டுத்தான். புரோகிராம் அப்படியே உறைந்து நின்றுவிட்டால் ஆல்ட் எஃப்4 கேட்காது, கேட்க வேண்டிய புரோகிராமே தூங்குகிறது. அப்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து அதை மட்டும் முடித்துவிடலாம். அதுவும் வராவிட்டால் கண்ட்ரோல், ஆல்ட், டிலீட். இதை விண்டோஸ் நேரடியாகக் கேட்கும், எந்தப் புரோகிராமும் குறுக்கே வர முடியாது. ஐபிஎம்மில் டேவிட் பிராட்லி என்ற பொறியாளர் முதல் ஐபிஎம் பிசிக்காக இதை உருவாக்கியபோது இது கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யும் கூட்டு. தவறி விழுந்துவிடக் கூடாது என்றே ஒரு கைக்குள் அடங்காத கீகளாகத் தேர்ந்தெடுத்தார்.

"உப்புக் காத்துல கீபோர்டு நாலு கீ போயிருச்சு. புதுசு வாங்குற வரைக்கும் என்ன செய்ய?"

விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஓ மூன்றும் அழுத்தினால் திரையிலேயே ஒரு கீபோர்டு வரும், போன எழுத்தை மட்டும் மவுஸால் அதில் தட்டலாம். கண்ட்ரோலே போயிருந்தால் வலதுபக்கம் இன்னொரு கண்ட்ரோல் இருக்கிறதா பாருங்கள், வேலை ஒன்றுதான். ஆல்ட், ஷிஃப்ட்டுக்கும் அப்படியே. மவுஸ் போயிருந்தால் ஷிஃப்ட்டும் எஃப்10-உம் வலது கிளிக் மெனுவைத் திறக்கும், ஆல்ட்டும் டேபும் ஜன்னல் விட்டு ஜன்னல் தாவும்.

கடலோரத்தில் வேலை முடிந்ததும் கீபோர்டைத் துணியால் மூடி வைப்பது நல்லது. உப்பு ஈரம் உள்ளே இறங்கித் தொடுபுள்ளிகளை அரித்துவிட்டால் துடைத்துப் பயனில்லை. லேப்டாப்பில் கீபோர்டு மாற்றச் செலவு அதிகம் என்றால் சாதாரண யூஎஸ்பி கீபோர்டு ஒன்றைச் சொருகிக்கொள்ளுங்கள்.

"எனக்குன்னு சொந்தமா ஒரு ஷார்ட்கட் வச்சுக்க முடியுமா?"

முடியும். டெஸ்க்டாப்பில் இருக்கும் ஷார்ட்கட் படத்தில் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் போனால் "ஷார்ட்கட் கீ" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஓர் எழுத்தைத் தட்டினால் கண்ட்ரோல், ஆல்ட்டோடு சேர்த்து அதுவே எழுதிக்கொள்ளும். ஆனால் விண்ணப்பம் அடிக்கிறவர்களுக்கு இதைவிட உபயோகமானது வேர்டின் ஆட்டோகரெக்ட். "இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு" என்பதை ஒருமுறை அங்கே பதிந்து, "இமாஆ" என்று பெயர் வைத்துவிடுங்கள். பிறகு "இமாஆ" அடித்து ஸ்பேஸ் பார் தட்டினால் முழு வரியும் விழும். நிஜமான வார்த்தை எதையும் மட்டும் பெயராக வைக்காதீர்கள். "மனு" என்று வைத்துவிட்டு, மனு என்று எழுதும் இடத்திலெல்லாம் ஆட்சியர் வந்து நிற்கிறார் என்று ஒருவர் என்னைத் தேடி வந்தார்.